பேச்சுத் துணையும் தெரிவுரிமையும்

பேச்சுக் குன்றியவருக்கு உதவும் சாதனத்தைத் தெரிவு செய்பவர் யாராதல் வேண்டும்? மருத்துவர், உறவினர், பராமரிப்போர் என்பதே எளிதில் தோன்றும் விடை. ஆயின் அவர்தம் தெரிவு பெரும்பாலும் கேட்போரின் வசதியையே அளவுகோலாகக் கொள்கின்றது. நீர், உணவு, நோவு ஆகிய மூன்று படங்களை மட்டும் கொண்ட பலகை பராமரிப்பவரின் வினாக்களுக்கு விடை தரும். நோயாளியின் மறுப்புக்கோ அவர் கேட்க விரும்பும் வினாவுக்கோ அதில் இடமில்லை.

நரம்பு நோயினால் ஏற்கெனவே பேச்சுக் குன்றியிருந்த பௌதிகவியல் அறிஞர் ஸ்டீபன் ஹோக்கிங், 1985இல் மூச்சுக்குழாயிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையினால் அதனை முற்றாக இழந்தார். முதலில், பிறர் அட்டையிலுள்ள எழுத்துகளைச் சுட்டிவர, உரிய எழுத்து வந்ததும் புருவத்தை உயர்த்திக் காட்டுவார். பின்னர் கணனியும் செயற்கைக் குரலும் கிடைத்தன. அக்குரல் ஆங்கிலேயரான அவருக்கு அமெரிக்க உச்சரிப்பை அளித்தது. அதனினும் இயல்பான குரல்கள் பிற்காலத்தில் தோன்றியபோதும், 2018இல் மறையும்வரை அவர் அதனைக் கைவிடவில்லை. கேட்போருக்கு இனிமையாயிருப்பதைக் காட்டிலும் தம்முடையதாயிருப்பதே அவருக்கு முக்கியமாயிற்று.

ஹோக்கிங் தம் விருப்பத்தைத் தெரிவிக்க வல்லவர். அவ்வாறு இயலாத குழந்தைக்கு என் செய்வது எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அக்குழந்தைக்காகப் பிறர் முதலில் தெரிவு செய்தல் தவிர்க்கவியலாதது. ஆயினும் பலகையில் 'வேண்டாம்' என்பதற்கும் ஓரிடம் இருப்பின், நாளடைவில் அத்தெரிவையே அக்குழந்தை மறுத்துரைக்கக்கூடும். எனவே, எச்சாதனத்தைத் தெரிவு செய்யினும், அதனை மறுக்கும் சொல்லையும் அதனுடனேயே அளித்தல் பராமரிப்போரின் கடமையாகும்.