பழைய குற்றமும் கலாசாலை வாசலும்



குருமடத்தில் அறநெறி சாஸ்திரம் படித்த நாட்களில், எங்கள் ஆசிரியர் வாரம் ஒரு வழக்கைக் கரும்பலகையில் எழுதி வைப்பார். அதில் ஆள் பெயர் இராது. ஊர்ப் பெயர் இராது. இன்னார் இன்னது செய்தார், அவருடைய கடமை யாது என்று மாத்திரம் இருக்கும். நாங்கள் ஒருவரோடொருவர் வாதாடியே பதிலைத் தேடுவோம். இந்த வாரம் அப்படிப்பட்ட ஒரு வழக்கை உங்கள் முன்னும் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பேசிப் பாருங்கள்.

வழக்கு இதுதான். இங்கிலாந்து தேசத்தில் ஒரு பெண் நர்சுப் படிப்புக்காகச் சர்வகலாசாலையில் சேர்ந்தாள். இரண்டாம் வருஷத்தில் தாயார் இறந்துபோக, படிப்பு நின்றது. அந்தக் காலத்தில் கையில் காசும் இல்லாமல், கூடாத சகவாசமும் சேர்ந்து, ஒரு கடையில் திருடிப் பிடிபட்டாள். நியாயஸ்தலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, விதித்த அபராதத்தைக் கட்டினாள். அதன்பின் மூன்று வருஷம் உழைத்து ஒழுங்காக வாழ்ந்தாள். இப்போது விட்ட படிப்பைத் தொடர வருகிறாள். சர்வகலாசாலையோ, "மறுபடியும் வகுப்பில் உட்காருமுன் உன் பேரில் குற்றப் பதிவு உண்டா என்று விசாரிக்க வேண்டும்" என்கிறது.

இதில் மூன்று கேள்விகள் எழுகின்றன. இப்படி விசாரிப்பது நியாயமா? உண்மையைச் சொல்ல அவள் கடமைப்பட்டவளா? சொன்ன பிறகு அவளை ஏற்பதா, தள்ளுவதா?

முதற் கேள்வியைக் கேட்டவுடன் இரக்கமுள்ள மனம், "தண்டனையை அனுபவித்துத் தீர்த்தவளை மறுபடி ஏன் கிளற வேண்டும்?" என்று சொல்லும். அவசரப்பட வேண்டாம். 2002-ம் வருஷம் இங்கிலாந்தில் சோஹம் என்னும் சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொலையுண்டார்கள். கொன்றவன் அவ்வூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் காவற்காரன். அவனைப் பற்றி முன்னமே வேறோர் இடத்துப் போலீசாரிடம் முறையீடுகள் வந்திருந்தன. ஆனால் அவனை வேலைக்கு வைத்தவர்களின் காதுக்கு அவை எட்டவில்லை. 2004-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை இந்தத் தவற்றை வெளிச்சமாக்கிற்று. அதன் பேரில் 2006-ல் புதிய சட்டமும் பிறந்தது. 2012 முதல் டி.பி.எஸ். என்னும் அரசாங்க நிலையம் இந்தச் சோதனையைச் செய்து சான்றிதழ் வழங்கி வருகிறது.

நம் திருச்சபையிலும் குழந்தைகளுக்குத் தீங்கு செய்த சிலரைப் பற்றி வாய்மூடி இருந்து, அவர்களை வேறிடத்துக்கு மாற்றி வைத்த அவமானம் உண்டு. அந்தத் தேசத்தில் 2001-ம் வருஷம் நோலன் பிரபுவின் தலைமையில் கூடிய குழு, குழந்தைகளோடு பழகும் குருக்கள் முதல் உதவிக்கு வருவோர் வரை எல்லாரையும் விசாரித்தறிய வேண்டும் என்று யோசனை சொல்லிற்று. ஒரு குருவாகிய நான், விசாரணையே வேண்டாமென்று சொல்லத் துணியமாட்டேன்.

நர்சு மாணவி புத்தகத்தோடு மாத்திரம் இருப்பவளல்லவே. பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். எழுந்திருக்க மாட்டாத கிழவியின் தலையணைக்கடியில் ஒரு பணப்பை இருக்கும். பக்கத்தில் மருந்துகள் இருக்கும். கிழவிக்கு அவளை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவருக்காக வேறொருவர் கேட்பது நீதியே.

ஆகவே கேட்கலாம். ஆனால் எதுவரை கேட்கலாம்? இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். எட்டாம் கற்பனை பொய்ச் சாட்சியை மாத்திரம் விலக்குகிறதென்று எண்ணுகிறோம். மெய்யாகவே நடந்த குற்றமாயினும், தகுந்த காரணமில்லாமல் அதை வெளிப்படுத்தி ஒருவருடைய நற்பெயரைக் கெடுப்பது பாவமென்று அறநெறி நூலோர் போதிக்கிறார்கள். "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது போதிய சமாதானமாகாது. அந்த உண்மையால் யாரைக் காக்கிறோம் என்ற கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். கேட்பவனுடைய உரிமை, காக்கப்பட வேண்டியவரின் தேவையிலிருந்து பிறக்கிறது. அந்தத் தேவை முடிகிற இடத்தில் உரிமையும் முடிகிறது.

இங்கிலாந்தின் சட்டமும் ஏறக்குறைய இந்த வழியிலேயே நடக்கப் பார்க்கிறது. 1974-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, ஒருவர் குறித்த காலம் வரை வேறு குற்றம் செய்யாதிருந்தால் பழைய குற்றம் கழிந்துபோனதாகக் கருதப்படும். அபராதத்தோடு முடிந்த குற்றத்துக்கு அந்தக் காலம் பெரியவர்களுக்கு ஒரு வருஷம். நம் வழக்கிலுள்ள பெண் சரித்திரம் படிக்க வந்திருந்தால், அதை வாய்திறந்து சொல்லக் கடமையில்லை. நர்சு, உபாத்தியாயர் போன்ற வேலைகளுக்கு 1975-ல் விதிவிலக்கு வைத்தார்கள். அங்கே கழிந்த குற்றத்தையும் கேட்கலாம்.

விலக்கு எல்லை கடந்தால் என்ன ஆகும்? 1999-ல் ஒரு பெண், தங்க வீடில்லாமல், தனக்கு மனநோய் இருப்பதும் அறியப்படாத நிலையில், கடையில் ஒரு சாண்ட்விச் ரொட்டியை எடுத்தாள். எச்சரித்து விட்டார்கள். அதே வருஷம் 99 பென்ஸ் விலையுள்ள ஒரு புத்தகத்தை எடுத்தாள். குறித்த நாளில் நியாயஸ்தலத்துக்கும் வரவில்லை. நீதிபதி அவளைச் சிறைக்கு அனுப்பாமல் நிபந்தனையின்மேல் விடுவித்தார். பிற்காலத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு உதவியாக இருக்கத் தகுதி பெற்று, வேலை தேடினாள். ஒன்றுக்கு மேற்பட்ட குற்றத் தீர்ப்பு இருந்தால் எல்லாவற்றையும் என்றென்றைக்கும் சான்றிதழில் காட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. ஆகையால் போன இடமெல்லாம் அந்தப் புத்தகத்தை எடுத்ததையும் நியாயஸ்தலத்துக்கு வராததையும் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. அதைச் சொன்னால் நோயையும் சொல்ல வேண்டியதாயிற்று. இவ்வித விதி நியாயத்துக்கு மிஞ்சியதென்று 2019 ஜனவரியில் அத்தேசத்து உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2020 நவம்பரில் விதியும் எடுபட்டது. இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு 99 பென்ஸ் புத்தகத்தைப் பற்றிய செய்தி எந்தக் குழந்தையைக் காத்தது? பதில் சொல்வாரில்லை.

கேள்வி கேட்பதனால் மாத்திரம் யாருக்கு என்ன நஷ்டம், பதிலைப் பார்த்துத்தானே முடிவு செய்கிறோம் என்று சிலர் சொல்லலாம். இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சாட்சி கிடைக்கிறது. நியூயார்க் மாகாணத்து அரசுச் சர்வகலாசாலையில், பெருங்குற்றத்துக்குத் தீர்ப்புப் பெற்றதுண்டா என்ற கேள்வி விண்ணப்பத்திலேயே இருந்தது. உண்டு என்றவர்களிடம் மேற்கொண்டு பல பத்திரங்களைக் கேட்டார்கள். 2015-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, உண்டு என்று எழுதியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் விண்ணப்பத்தை முடிக்காமலே விட்டுவிட்டார்கள். அதிகாரிகள் தள்ளியவர் ஒருவர் என்றால், தாங்களாகவே திரும்பிப் போனவர் பதினைந்து பேர்! யாரும் அவர்களைப் போ என்று சொல்லவில்லை. கேள்வியே கதவைச் சாத்திற்று. 2016-ல் அந்தச் சர்வகலாசாலை அதை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடத் தீர்மானித்தது; இடம் கிடைத்த பிறகு, விடுதியில் தங்குதல் போன்ற சில காரியங்களுக்கு மாத்திரம் கேட்பதென்று வைத்தார்கள். இங்கிலாந்திலும், 2019-ல் சேர வந்தவர்கள் முதற்கொண்டு, எல்லாப் படிப்புக்கும் பொதுவாய் இருந்த அந்தக் கேள்வியை விட்டு, நர்சு, வைத்தியம், உபாத்தியாயம் போன்ற படிப்புகளுக்கு மாத்திரம் வைத்துக்கொண்டார்கள். கேள்வி கேட்பதும் ஒரு செய்கை. கேட்டவர் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் கேள்விக்கு வருவோம். அந்தப் பெண் சொல்ல வேண்டுமா? கேட்க உரிமையில்லாதவர் முன் மௌனமாயிருப்பது பொய்யாகாது. நம் குற்றங்களைத் தெருவில் நின்று கூவ வேண்டுமென்று யாருக்கும் கட்டளையில்லை. ஆனால் உரிமையோடு கேட்கிற இடத்தில் "இல்லை" என்பது பொய். இவள் நர்சுப் படிப்புக்கு வருகிறாள். சட்டமும் கேட்க இடம் கொடுக்கிறது. கிழவியின் பணப்பையும் கண்முன் இருக்கிறது. ஆகையால் அவள் சொல்லத்தான் வேண்டும். பயமாயிருக்கும், அது எனக்குத் தெரியும். என்றாலும், சான்றிதழ் வந்து காட்டிக்கொடுக்குமுன் தானே சொல்லிவிடுவது மேல். திருடியது பழைய காரியம். மறைத்தால் அது இன்றைய காரியமாகிவிடும்.

மூன்றாம் கேள்வி மிகவும் கடினமானது. பத்திரத்தைக் கையில் வைத்திருக்கிற அதிகாரிக்கு, தள்ளிவிடுவது சுலபம். தள்ளினால் அவருக்கு ஒரு பழியும் வராது. ஏற்றுக்கொண்டு பின்னால் ஏதாவது நேர்ந்தால் எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள். ஆகையால் பயத்தையே விவேகமென்று பெயரிட்டு அழைக்கிற சோதனை அவருக்கு உண்டு. மெய்யான விவேகமோ, ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசும். செய்தது என்ன? எந்த வயதில், எந்த நிலையில் செய்தாள்? அதன்பின் எப்படி வாழ்ந்தாள்? செய்த குற்றத்துக்கும் செய்யப்போகிற வேலைக்கும் சம்பந்தம் என்ன? குழந்தைகளுக்குக் கொடுமை செய்தவனைக் குழந்தைகளிடம் அனுப்பாதிருப்பது பழிவாங்குதலாகாது. பசியிலும் துக்கத்திலும் ஒருமுறை தவறி, மூன்று வருஷம் நேராய் நடந்தவளைத் தள்ளுவது, நீதிபதி விதிக்காத தண்டனையை நாம் விதிப்பதாகும்.

என் தீர்ப்பைக் கேட்டால், அவளை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். மேலாளர் ஒருவர் அறிந்திருக்கட்டும். சக மாணவிகள் அறிய வேண்டியதில்லை. இதில் ஆபத்தே இல்லையென்று சொல்லமாட்டேன். அவள் மறுபடியும் தவறலாம். அப்படியாயின் ஒரு கிழவியின் பணப்பை போகலாம். அது சின்ன நஷ்டமென்று அந்தக் கிழவியிடம் போய் என்னால் சொல்ல முடியாது. ஆயினும் தவறினவர் திரும்பி வர ஒரு வழியும் இல்லையென்று ஆக்கிவிட்டால், நேராய் நடக்க அவருக்கு என்ன முகாந்தரம் இருக்கும்? அதனால் வருகிற நஷ்டமும் எங்கேயோ ஒரு வீட்டின்மேல்தான் விழும்.

இது தூரதேசத்துச் சர்வகலாசாலையின் காரியமென்று தள்ளிவிடாதீர்கள். நம் குடும்பங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் அங்கே நர்சு வேலைக்குப் போகிறார்கள். அதுவுமன்றி, நம் தெருவிலும் சிறைக்குப் போய் வந்த மகன் இருக்கிறான்; படிப்பை விட்டுத் திரும்பிய மகள் இருக்கிறாள். அவர்களைக் குறித்து நாம் எழுதி வைத்திருக்கிற பதிவு எந்த அரசாங்கப் பதிவையும் விடப் பெரியது. அது எந்தச் சட்டத்தாலும் கழிகிறதில்லை. கலியாணப் பேச்சில் ஒருமுறை, குழாயடியில் ஒருமுறை என்று அதை எடுத்து வாசித்துக்கொண்டேயிருக்கிறோம். அடுத்தமுறை அப்படி வாய் திறக்குமுன், "இதைச் சொல்வதனால் நான் யாரைக் காக்கிறேன்?" என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். ஒருவரைக் காப்பதற்காகவென்றால், கேட்க வேண்டியவரிடம் மாத்திரம் சொல்வோம். இல்லையென்றால், வாயை மூடிக்கொள்வோம்.

என் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் என்ன தீர்ப்பாயிற்று என்று அடுத்த ஞாயிறு பூசைக்குப் பின் வந்து சொல்லுங்கள். மாறுபட்ட தீர்ப்பானாலும் கேட்க ஆவலாயிருக்கிறேன்.

உங்கள் பங்குக் குரு