கண்ணாடிக் கிணற்றின் கருமை

ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருக்கோயிலை வலம் வரும் அன்பர்கள் கண்ணாடிக் கிணற்றினருகே ஒரு கணம் நிற்பது வழக்கம். கோதை நாச்சியார் எம்பெருமானுக்குரிய மாலையைத் தாம் சூடி அழகு பார்த்த கிணறு இதுவென்பது தலவரலாறு. முகம் காட்டியதற்கு நீர் மட்டும் காரணமன்று. நேர் மேலிருந்து விழும் ஒளியில் நூற்றில் ஏறத்தாழ 2 பங்கையே நீர்ப்பரப்பு திருப்பி அனுப்பும். எஞ்சியது ஆழத்தினுட் சென்று சுவர்களில் மோதி மோதி மறைந்துவிடும். கீழே அவ்விருள் இருப்பதனாலேதான் மேலே அச்சிறு பங்கு முகமாகத் தெரிகின்றது. வெண்ணிறத் தட்டில் நீர் வார்த்துப் பார்த்தால் முகம் தெளியாது; தட்டே தெரியும்.

2014-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சர்ரே நானோசிஸ்டம்ஸ் நிறுவனம் ‘வான்டாபிளாக்’ என்னும் கரும்பூச்சை வெளியிட்டது. மயிரினும் பன்மடங்கு மெல்லிய கரிக்குழாய்கள் அடர்ந்த காடுபோல் நிற்க, இடையே புகுந்த ஒளி, கிணற்றுள் விழுந்த ஒளியைப் போலவே மோதி மோதி வெப்பமாகிவிடுகின்றது. இலட்சத்தில் 35 பங்கே மீள்கின்றது. 2019-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் அதனினும் கரிய பொருளொன்றில் இதனை 5 பங்காகக் குறைத்தனர்.

இராஜபாளையத்து நூலில் நெய்த கறுப்புத் துணியில் மடிப்பாவது தெரியும். இப்பூச்சில் அதுவுமில்லை, ஒரு சிலைக்குப் பூசினால் கண்ணும் மூக்கும் மறைந்து, வெளியில் வெட்டிய துளைபோல் நிற்கும். கருங்கல் திருமேனியில் ஆரத்தியின் ஒளி சிறிதேனும் மீள்வதால்தான் நாம் திருமுகம் சேவிக்கிறோம்.

அனைத்தையும் ஏற்று, எதனையும் திருப்பித் தராதிருத்தல் குணமா, குற்றமா? பற்றற்ற நிலைக்கு இதனை உவமை கூறலாமே எனச் சிலருக்குத் தோன்றக்கூடும். தொலைநோக்கியின் உட்புறத்தில் அது பொருந்தும். அங்கே இத்தகைய கருமை வேண்டாத ஒளியை விழுங்கி, மங்கிய விண்மீனைக் காண உதவுகின்றது. தன்னை மறைத்துப் பிறிதொன்றைக் காட்டும் அக்கருமையைக் கிணற்றிருளின் உறவென்றே கொள்வேன்.

ஆனால் மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர், 2016-இல் கலைப்பணிக்கு வான்டாபிளாக்கைப் பயன்படுத்தும் உரிமையைத் தமக்கே தனியுரிமையாகப் பெற்றார். ஓவியர் பலர் வெகுண்டனர். சட்டத்தில் அதற்கு இடமுண்டு; உழைத்த நிறுவனத்திற்குத் தன் பொருளை விரும்பியவர்க்குத் தரவும் உரிமையுண்டு. ஆயினும் ஒளியைத் திருப்பித் தராத பொருள் மனிதர் கையிலும் ஒருவரோடு நின்றுவிட்டதென்றால், அங்கே பற்றறுத்தலைக் காண என்னால் இயலவில்லை. மாசசூசெட்ஸ் கழகத்தாரோ தம் முறையைக் கலைஞர் எவரும் கையாளலாம் என அறிவித்தனர்.

கிணற்றில் முகம் பார்த்த நாச்சியாரும் மாலையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. அவர் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்திற்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவிற்குக் கள்ளழகரிடமும் ஆண்டுதோறும் செல்கின்றது.