மாண்டவன் கண்விழித்த கதை

காவிரி நாட்டில் அம்பிகாபதியின் பெயரை அறியாதார் அரியர். தேரழுந்தூர்க் கம்பரின் மைந்தன். சோழன் மகள் அமராவதியின்பால் காதல் கொண்டவன். சிற்றின்பம் கலவாத நூறு பாடல்களைப் பாடி முடித்தால் உயிர் பிழைக்கலாம் என்பது அவனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. காப்புச் செய்யுளையும் கணக்கிற் சேர்த்து எண்ணிய அமராவதி, நூறும் நிறைந்தன என்று கருதி முன்னே வந்து நின்றாள். அவளைக் கண்டு அவன் பாடிய பாட்டே அவன் தலையை வாங்கிற்று. இது வரலாறா, செவிவழிக் கதையா என்பது வேறு ஆராய்ச்சி. 1937இல் தியாகராஜ பாகவதரும், 1957இல் சிவாஜி கணேசனும் திரையில் அம்பிகாபதியாயினர். இரு படங்களிலும் அவன் மாள்கின்றான். கண்டோர் அழுதனர்; ஏன் கொன்றீர் என்று கொட்டகைக்காரரிடம் வழக்காடியதாகக் கேள்வியில்லை.

அரபுக் கல்லூரியில் ஓதியவனுக்குத் திரைப்படத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பார்ப்பதைப் பற்றி நாம் பேசாமலிருந்தால் மட்டும் அவர்கள் பாராதிருப்பார்களா?

2013இல் ‘ராஞ்ஜனா’ என்னும் இந்திப் படம் தமிழில் குரல் மாற்றி வெளியிடப்பட்டபோது, அதற்கும் ‘அம்பிகாபதி’ என்றே பெயரிட்டனர். ஆனந்த் எல். ராய் இயக்க, தனுஷ் நடித்த படம் அது. அதன் நாயகனும் இறுதியில் இறக்கின்றான். பன்னிரண்டாண்டு கழித்து, 2025 ஆகஸ்டு முதல் நாள், ஈராஸ் நிறுவனம் அத்தமிழ்ப் படத்தை மீண்டும் திரையிட்டபோது, செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு முடிவை மாற்றிவிட்டது. மருத்துவமனைக் கட்டிலில் மாண்டவன் கண்விழித்து எழுகின்றான்! தம்மைக் கலக்காமல் நடந்ததென இயக்குநர் கண்டித்தார். படத்தின் ஆன்மாவே பறிபோயிற்று என்று தனுஷும் வருந்தினார். உரிமை எங்களுடையது என்பது நிறுவனத்தின் விடை. சட்டம் யார் பக்கம் என்பதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் கேள்வி வேறு.

நல்ல முடிவை விரும்புவது குற்றமா? குற்றமென்று நான் சொல்லமாட்டேன். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அடித்து ஓய்ந்தபின், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் பிள்ளைபோல் வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கதிர் முற்றிய சம்பா, அறுவடைக்கு நான்கு நாள் இருக்கையில் நீரில் மூழ்குவதும் இங்கே புதிதன்று. அத்தகைய இழப்பைக் கண்டவன், கடைசிக் காட்சியில் மணமேளம் முழங்கி ‘சுபம்’ என்ற எழுத்து வருவதைக் கண்டு மனம் ஆறினால், அவனை அறியாப் பிள்ளை என்று ஏளனம் செய்யும் திறனாய்வாளரை நான் மதிப்பதில்லை. அதே வேளையில், மக்கள் சுபத்தை மட்டுமே வேண்டுவர் என்னும் வணிகர் வாதமும் பொய். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு நாயகன் மாண்ட ‘மதுரை வீரன்’ (1956) வெற்றிபெறவில்லையா? அண்ணனும் தங்கையும் ஒருங்கே உயிர்நீத்த ‘பாசமல’ரை (1961)க் காணக் கூட்டம் திரளவில்லையா?

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) நினைவுக்கு வருகின்றது. நினைவு தவறிய பெண் குணமடைகின்றாள். அவளையும் அவள் பெற்றோரையும் பொறுத்தவரை அது மகிழ்ச்சியான முடிவே. அந்நலமே, அவளைக் காத்து நின்றவனை அவள் அறியாதவளாக்கிவிடுகின்றது. புகைவண்டி புறப்படுகின்றது, அவன் நிலையத்தில் தவித்து நிற்கின்றான். ஒரே நிகழ்ச்சி ஒருவருக்கு வரமாகவும் மற்றவருக்கு இழப்பாகவும் அமைவதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம் தமிழில் குறைவு.

‘யூசுபு சுலைகா கதையில் முடிவைக் கூட்டவில்லையா?’ என்று கற்றறிந்த வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. திருமறை அப்பெண்ணின் பெயரையும் கூறவில்லை. அவள் தன் பிழையை ஒப்புக்கொண்டதோடு அவளைப் பற்றிய பேச்சு நின்றுவிடுகின்றது. அவள் யூசுபு நபியை மணந்தாள் என்பது விரிவுரையாளர் சிலர் எடுத்துரைத்த செய்தி. பதினைந்தாம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் ஜாமி, அவளுக்கு இழந்த இளமையையும் மீட்டுத் தந்து மணமுடித்து வைத்தார். ஆனால் அதற்குமுன் அவர் அவளை என்ன பாடு படுத்தினார் என்பதைக் காணவேண்டும். அழகு போயிற்று, பார்வை போயிற்று, வழியோரத்து நாணற்குடிசையில் காலடியோசைக்குச் செவிசாய்த்துக் கிடந்தாள், வணங்கிய சிலையைத் தன் கையாலேயே உடைத்தாள். மணம் அதன் பின்னர்த்தான். முடிவை மாற்றியவர், அம்முடிவைத் தாங்கும் வாழ்க்கையையும் தாமே எழுதினார். தம் பெயரிலேயே எழுதினார்.

‘அம்பிகாபதி’யில் முன்கதை அப்படியே கிடக்கின்றது. மாறியவை கடைசிச் சில நிமிடங்களே. அம்முன்கதை யாது? காசியில் பிறந்த குந்தன், சிறுவயது முதல் சோயா என்னும் பெண்ணை விரும்புகின்றான். அவள் நேசித்தவனோ ஜஸ்ஜீத் என்னும் சீக்கிய இளைஞன். முஸ்லிம் என்று பெயர் மாற்றிச் சொல்லி மணமகனாக வந்தவன். அவ்வுண்மையைப் பொறாமையால் உடைத்துச் சொல்பவன் குந்தனே. பெண் வீட்டார் ஜஸ்ஜீத்தை அடிக்கின்றனர், அவ்விளைஞன் இறந்துபோகின்றான். அதன்பின் குந்தன் வாழும் வாழ்வெல்லாம் அக்கடனைச் சுமந்த வாழ்வு. அவன் சாவு அக்கடனைச் சேர்ந்தது; காதலுக்குக் கிடைத்த தண்டனை மட்டுமன்று.

இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. கருவி இரக்கம் காட்டியதாகச் சிலர் மகிழ்ந்தனர். யாருக்கு இரக்கம்? பார்ப்போரின் அன்பைப் பெற்ற நாயகனுக்கு. அவன் சொல்லால் மாண்டவன் மாண்டபடியே கிடக்கின்றான். கொலையுண்டவனின் உறவினரைக் கேளாமல் பழியை மன்னிக்கும் உரிமை எந்த நீதிபதிக்கும் இல்லை என்று ஃபிக்ஹு நூல்களில் மாணவர்க்குப் பாடம் சொல்கின்றோம். கதைக்குச் சட்டம் இல்லைதான். ஆயினும் கொட்டகையில் கைதட்டும் பிள்ளை, நல்லவனாகத் தோன்றுபவன் செய்த கேடு கணக்கில் வாராது என்று கற்றுக்கொண்டு வெளியே வருமாயின், அதைச் சுபம் என்று எப்படிச் சொல்வது?

தம் கைவசமுள்ள மற்றப் படங்களையும் இவ்வாறு மாற்றலாமா என்று ஆராய்வதாக அந்நிறுவனம் கூறியதென்று செய்தி வந்தது. மாற்றுவோர் ஒன்று செய்து பார்க்கட்டும்: முதலில் ஜஸ்ஜீத்தை எழுப்பட்டும். அவன் எழுந்துவிட்டால், குந்தன் அந்த மருத்துவமனைக் கட்டிலுக்கு எதற்காக வந்தான் என்பதையும் அக்கருவியிடமே கேட்டுக்கொள்ளலாம்.