பாராதிருப்பது தவக்குல் ஆகுமா?

ஐம்பது வயதைத் தாண்டிய வியாபாரி ஒருவரிடம், "நானா, பெருங்குடலில் புற்றுநோய் உண்டா என்று மலப் பரிசோதனை செய்துகொண்டீர்களா?" என்று சென்ற மாதம் கேட்டோம். பெட்டியடியில் அமர்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "அல்லாஹ் விதித்தது வரும். வராத முஸீபத்தை நாமே தேடிப் போவானேன்?" என்றார். அருகில் நின்ற இருவர் ஆமோதித்துத் தலையசைத்தனர். அவ்விடையில் ஈமானின் மணம் வீசுவதால் அதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அது சரியான விடைதானா என்று சற்று ஆராய்வோம்.

முதலில் வியாதியின் தன்மையை அறிய வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் இது ஒன்று. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் சிறு மொட்டுப் போன்ற சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. அம்மொட்டுகளில் பல தீங்கற்றவை. சில மட்டும் பல்லாண்டுகள், பத்தாண்டுகள்கூட, எடுத்துக்கொண்டு புற்றாக மாறுகின்றன. அக்காலமெல்லாம் வலி இராது, பசி குறையாது, கடை திறப்பதும் அடைப்பதும் வழக்கம்போல் நடக்கும். குடலளவில் நிற்கும்போதே கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் வாழ்கிறார்கள். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பின் கண்டறியப்பட்டால் பத்தில் ஓரிருவரே மிஞ்சுகிறார்கள்.

நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மலத்தில் இரத்தம் கண்டால் "மூலம்" என்று தாமே தீர்ப்பளித்துவிடுவார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்தே வியாபாரம் பார்ப்பவர்களுக்கு மூலம் வருவது இயல்பு. அதனாலேயே இத்தீர்ப்பு நம்பத் தக்கதாகிவிடுகிறது. நாமறிந்த துணிக்கடைச் சகோதரர் ஒருவர் இரண்டாண்டுகள் கருணைக்கிழங்கு லேகியம் சாப்பிட்டு வந்தார். அவருக்கு மூலம் இருந்தது உண்மைதான். அதற்கு மேலே, குடலில், வேறொன்றும் இருந்தது. வைத்தியர் பார்த்தபோது அது ஈரலை எட்டிவிட்டது. இரத்தம் கண்டவர்கள் வீட்டுப் பரிசோதனையைக்கூடத் தேட வேண்டாம். நேரே வைத்தியரிடம் போக வேண்டும். வீட்டுப் பரிசோதனை ஒரு குறையும் தோன்றாதவர்களுக்கு உரியது.

இனி நண்பரின் வாதத்துக்கு வருவோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் செல்கையில், ஸர்கு என்னுமிடத்தில், அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. ஆலோசனை கேட்டுத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். நம் நண்பர் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். விதியிலிருந்து விதியின் பக்கமே போவதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்து, ஒட்டகம் மேய்ப்பவனை உதாரணமாகக் காட்டினார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. எப்பக்கம் மேய்த்தாலும் அது இறைவன் விதித்தபடியே. ஆனால், பசும்புல் கண்ணெதிரே இருக்க வறண்ட பக்கம் ஓட்டிச் செல்பவனை நாம் தவக்குல் உடையவன் என்போமா?

வியாபாரிகளுக்கு இதைவிட அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆண்டு நிறைந்ததும் ஸகாத்துக்காக இருப்பு எடுக்கிறோம். கிட்டங்கி மூலையில் கிடக்கும் மூட்டையையும் புரட்டிப் பார்த்துக் கணக்கிட்டு, நாற்பதில் ஒரு பங்கு ஒதுக்குகிறோம். ரிஸ்கு அல்லாஹ்விடம் இருக்க, இருப்பு எடுப்பது எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. சரக்கு அமானத் என்றால் தேகமும் அமானத்துதானே?

ஒன்றை மறைக்கக் கூடாது. சோதித்துப் பார்த்தவருக்கு ஹயாத்து நீளும் என்று நாம் வாக்களிக்கவில்லை. அது நம் கையில் இல்லை. இச்சோதனை சில வேளை தவறுவதும் உண்டு. ஆகவேதான் ஆண்டுக்கொரு முறை செய்யச் சொல்கிறார்கள். இரத்தம் இருப்பதாக முடிவு வந்தாலும் புற்று என்று பொருளன்று. பெரும்பாலோருக்குக் காரணம் வேறாகவே இருக்கும். அதைத் தெளிவாக அறியத்தான் மருத்துவமனையில் மெல்லிய குழாய் செலுத்திக் குடலைப் பார்க்கிறார்கள். மொட்டு தென்பட்டால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடுகிறார்கள். குடலைச் சுத்தம் செய்ய முந்தின நாள் மருந்து குடிக்க வேண்டியிருப்பதால், வைத்தியர் அவசரம் என்று சொல்லாதவரை, ரமளானைத் தவிர்த்து ஷவ்வாலில் வைத்துக்கொள்வது வசதி.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் ஐயம் எழுகிறது. நண்பரைத் தடுப்பது விதியைப் பற்றிய நம்பிக்கையா, வெறும் வெட்கமா? மலம் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிறோம். ஆனால் மலஜலம் கழித்துச் சுத்தம் செய்யும் முறையை மதரஸாவில் சிறு பிள்ளைகளுக்கே கூச்சமின்றிக் கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. செய்ய வேண்டியதோ மிகச் சிறிது. சிறு குச்சியால் மலத்தைச் சில இடங்களில் தொட்டுக் குழாயிலிட்டு மூடி, மற்றொரு நாளும் அவ்வாறே செய்து, உறையிலிட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். கையில் எதுவும் படுவதில்லை. 50 வயதான குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இதனை இலவசமாக வழங்கி வருகிறது. மலேசியச் சகோதரர்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கேட்கலாம். வீட்டிலுள்ள பெண்மக்களுக்கும் இது உரியதே. அவர்களுடைய வெட்கம் நம்முடையதைவிடப் பெரிதாதலால், நாம் முதலில் செய்து காட்டினால்தான் அவர்கள் செய்வார்கள்.

வெட்கத்தின் கேடு நம்மோடு நிற்பதுமில்லை. "உங்கள் அத்தா எதனால் மௌத்தானார்?" என்று கேட்டால், "வயிற்றுக் கோளாறு" என்று சொல்லி முடித்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே பல. தந்தைக்கோ தாய்க்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால், பிள்ளைகளும் மற்ற உடன்பிறந்தாரும் ஐம்பது வயதுவரை காத்திருக்கலாகாது. முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிக் குடலைச் சோதிக்க வேண்டும். அதை அவர்களுக்குச் சொல்லாமல் மறைப்பது என்ன நியாயம்? கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையைவிட்டுப் பார்த்தபோது, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஈரத்தை ஜனங்கள் காணும்படி மேலே வைக்காததற்காக அவ்வியாபாரியைக் கண்டித்தார்கள். வாங்க வருபவனுக்கே குறையைச் சொல்லிவிட வேண்டுமென்றால், பெற்ற பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமா?

பிறரைக் குறை கூறும் தகுதி நமக்குண்டா என்று கேட்பீர்கள். அந்த உறை நம் மேசை இழுப்பறையில், பில் புத்தகங்களுக்கு அடியில், மூன்று மாதம் கிடந்தது. தேடியது வேறொரு ரசீதை. கையில் அகப்பட்டது இது. அடுத்த இரு நாள்களில் மாதிரியெடுத்து, ஜும்ஆவுக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டோம். முடிவு வந்துவிட்டது. நம் நண்பருக்கும் ஓர் உறை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பிரிக்கவில்லை என்றார்.