தெளிவாக எழுதுதலும் அறமே

பேச்சில் ஐயம் எழுந்தால் கேட்பவர் இடைமறித்து வினவலாம். எழுத்தில் அதற்கு இடமில்லை. படிப்பவர் ஓரிடத்தில் இருப்பார், எழுதியவர் வேறிடத்தில் இருப்பார். இதனை உணர்ந்தே நம் முன்னோர் நூல் இயற்றும் முறையையும் இலக்கணத்துள் வைத்து ஆராய்ந்தனர். பவணந்தி முனிவரின் நன்னூல், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும், அமைய வேண்டிய அழகுகள் பத்து என்றும் வகுத்துரைக்கின்றது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் ஆகியன அக்குற்றங்களுட் சில. இவை நடையைப் பற்றிய குற்றங்கள் மட்டுந்தானா, அறத்தைப் பற்றியனவும் ஆகுமா? இவ்வினாவை இன்றைய கணிப்பொறி உலகம் நம்முன் மீண்டும் கொண்டுவந்து நிறுத்தியுள்ளது.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ மென்பொருள் துறையில் பணிபுரிகின்றனர். செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகளைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டிருப்போம். வினாவுக்கு விடை கூறுவதோடு நில்லாமல், நமக்காகப் பயணச்சீட்டு எடுத்தல், கடிதம் அனுப்புதல், கோப்பை நீக்குதல் போன்றவற்றையும் செய்து முடிக்கும் முகவர்கள் அவை. இதற்குப் பிறர் ஆக்கிய மென்பொருட் கருவிகளை அவை கையாளுகின்றன. கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும், அது செய்யும் பணியைப் பற்றிய விளக்கமும், அதற்குத் தரவேண்டிய விவரங்களின் பட்டியலும் எழுதி வைக்கப்படுகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் காண்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொதுநெறியிலும் இம்மூன்றும் உண்டு. முகவர் பெரும்பாலும் கருவியின் உட்புறத்தைக் காண்பதில்லை. எழுதியுள்ள விளக்கத்தை நம்பியே எதனை எடுப்பது, எவ்வாறு இயக்குவது என்று முடிவு செய்கின்றது.

ஒரு சிறு எடுத்துக்காட்டுக் காண்போம். பயணச்சீட்டுக் கருவியொன்றின் விளக்கத்தில் ‘பயண நாளைத் தருக’ என்று மட்டும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். முகவர் 03/04 என்று தருகின்றது. இந்திய வழக்கில் அது ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் மார்ச் 4. ‘ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2025-04-03 என்பதுபோல் தருக’ என்று ஒரு தொடர் சேர்த்திருந்தால் குழப்பமில்லை. அவ்வரிசையை 1988-இலேயே ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகத்தர நெறி வகுத்துவிட்டது. அத்தொடர் இல்லாமையால், பெற்றோரைக் காண ஊருக்குப் புறப்பட்ட ஒருவர், தமக்குரியதல்லாத நாளுக்கான சீட்டுடன் ரயில் நிலையத்தில் நிற்க நேரிடும்.

இங்கே இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். இயந்திரத்துக்கு வருத்தமில்லை, அவமானமில்லை. அதற்குத் தெளிவாக எழுதுவது எவ்வாறு அறமாகும் என்பது முதல் தடை. எழுத்தைப் படிப்பது இயந்திரமே எனினும், அதன் விளைவைச் சுமப்பவர் மனிதர். அவர் அவ்விளக்கத்தைப் படித்ததுமில்லை. அப்படியொன்று இருப்பதையே அறியார். அறியாதவர்மீது இறங்கும் துன்பத்துக்கு, அறிந்து எழுதியவர் பொறுப்பாளராகின்றார்.

அறிவுமிக்க இயந்திரம் குறையைத் தானே ஊகித்து நிரப்பிக் கொள்ளாதா என்பது இரண்டாவது தடை. நிரப்பிக் கொள்ளும், அபாயம் அதில்தான் இருக்கின்றது. அலுவலகச் சுற்றறிக்கையில் ‘வழக்கம்போல் அனுப்புக’ என்று இருந்தால், புதிதாகச் சேர்ந்த எழுத்தர் திகைப்பார்; கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூத்தவரின் மேசைக்குச் செல்வார். அத்தயக்கம் ஒரு காவல். முகவருக்கும் ‘ஐயம் தோன்றின் கேள்’ என்று கட்டளையிடலாம். ஆனால் ஐயமே தோன்றாதவாறு ஊகித்துவிட்டால் அது கேட்பதெங்ஙனம்? படிப்பவரின் கூர்மை எழுதியவரின் குறையை மறைத்துவிடுகின்றது. பிழை வெளிப்படும்போது செயல் நிகழ்ந்து முடிந்திருக்கும்.

ஆதலின், கருவி எதைச் செய்யும் என்பதோடு, எதைச் செய்யாது, எது மீட்க முடியாதது என்பதையும் எழுதுதல் வேண்டும். இதற்கு நல்லதொரு முன்னோடி உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பரில் வெளியிட்ட யுனிக்ஸ் கையேட்டில், கட்டளைகளின் விளக்கத்தோடு ‘பிழைகள்’ என்றொரு பகுதியும் இடம்பெற்றது. தாம் ஆக்கியதன் குறையைத் தாமே எழுதிவைத்த அந்நேர்மை போற்றத்தக்கது. அதற்காக எல்லாவற்றையும் கொட்டி எழுதுதலும் தகாது. நூறு வரிகளுக்கிடையே புதைந்த எச்சரிக்கை, எழுதப்படாத எச்சரிக்கையை ஒத்தது. மிகைபடக் கூறலையும் நன்னூலார் குற்றமென்றது எத்துணைப் பொருத்தம்!

தெளிவாக எழுதுவதற்கு மொழித்திறன் மட்டும் போதாது. தமக்குத் தெரிந்தது பிறர்க்கும் தெரிந்திருக்கும் என்னும் மயக்கத்தை விடவேண்டும். ‘என்னைக் கேட்டால்தான் எவர்க்கும் விளங்கும்’ என்னும் செருக்கையும் விடவேண்டும். பின்னது துறப்பதற்கு அரிது. அலுவலகங்களில் அதனையே செல்வாக்காகக் கொண்டு வாழ்வோர் உளர்.

மொழி தெரியாத நகரத்தில் வந்திறங்கிய நமக்கு ஒரு தெளிவான வழிகாட்டிப் பலகையின் அருமையைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. அதனை எழுதியவர் நம்மைக் கண்டதில்லை. யாரோ ஒருவர் வருவார், கேட்க ஆளின்றி நிற்பார் என்று எண்ணி எழுதினார். கருவிக்கு விளக்கம் எழுத அமரும் நம் பிள்ளைகளும் அவ்வாறே, தாம் என்றும் காணப்போகாத ஒருவரை மனத்தில் இருத்தி எழுதுவாராக.