பிறர் உழைப்பில் ஒரு கொடை

பாபநாசம் வட்டம் திருமண்டங்குடி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்த விவசாயிகள் 2022 நவம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். நிலுவைத் தொகை வரவில்லை என்பது ஒன்று. தங்கள் பெயரில் ஆலை வாங்கிய வங்கிக் கடன் தங்கள் தலையில் நிற்கிறது என்பது இன்னொன்று. ஒருவரைக் கேளாமல் அவர் பெயரில் மற்றவர் கை நீட்டுவது அறமா? அறமல்ல. வாங்குவதற்கு மட்டுமன்றி, கொடுப்பதற்கும் இது பொருந்தும். கொடை என்றதும் நாம் கணக்குக் கேட்பதை விட்டுவிடுகிறோம். ஆகவே இந்தக் குற்றம் கொடைக்குள்தான் நன்றாக ஒளிந்துகொள்கிறது.

நூறாண்டுக்கு முன் தஞ்சைச் சீமை மக்களின் வியர்வையும் சேர்ந்து ஒரு போர்க்கப்பலே தானமாகப் போயிற்று. 1912 நவம்பரில் பேராக் சுல்தான் இத்ரிஸ் முன்மொழிய, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மலாய் மாநிலங்களின் கூட்டாட்சி மன்றம் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு கப்பல் அளிக்க ஒப்புக்கொண்டது. செலவு ஏறத்தாழ 30 லட்சம் பவுன். எட்டு 15 அங்குல பீரங்கிகளோடு, எண்ணெயில் ஓடிய அந்தக் கப்பலுக்கு ‘மலாயா’ என்று பெயரிட்டு 1916இல் பணியில் சேர்த்தார்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும். ஈயச் சுரங்கத்தில் சீனர் உழைத்தார்கள். பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். கங்காணி சொல்லை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக் கரையோரத் தீவில் நோய்த்தடுப்புக்காக அடைபட்டு, தோட்டத்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்களை யார் கேட்டார்கள்? கூட்டாட்சி மன்றத்தில் முதல் இந்தியராக வீரசாமி அமர்ந்ததே 1928இல்தான். திருவாரூரில் பசுவுக்கும் எட்டும்படி ஆராய்ச்சி மணி கட்டியிருந்ததாகச் சொல்லி வளர்ந்த மக்களுக்கு அங்கே இழுக்க ஒரு கயிறு இல்லை.

நம் முன்னோர் இதில் மயக்கம் வைக்கவில்லை. இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் பலனை எண்ணிக் கொடுப்பது என்று வள்ளுவர் பிரித்துவிட்டார். உலகின் மிகப் பெரிய கடற்படை வறியவர் வரிசையில் வராது. கோலை ஏந்தியபடி அரசன் பொருள் கேட்பதை அவர் வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிட்டார். நெல் விளையும் நாட்டாருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்றைப் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னார்: கதிரை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு வயலும் யானைக்குப் பல நாள் போதும், யானையே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம். சுவாமிமலைப் பட்டறைகளில் ஐம்பொன் உருகும் வேளையில் பக்தர்கள் பொன்துண்டும் வெள்ளியும் இடுவதுண்டு. தம் கையால், தம் விருப்பத்தால் இடுகிறார்கள். அடுத்தவன் கொல்லையிலிருந்து எடுத்து வந்து போட்டுவிட்டு அதைக் காணிக்கை என்று யாரும் சொல்வதில்லை.

சுல்தான்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. கடல்வழி காக்கப்படாமல் ரப்பர் விற்றிருக்காது. 1916 மே 31 அன்று ஜட்லாண்டுப் போரில் எட்டுக் குண்டுகளை வாங்கி, அறுபதுக்கு மேற்பட்ட மாலுமிகளை இழந்தும் அக்கப்பல் நிலைத்தது. அந்த உயிர்கள் மதிப்புக்குரியவை. ஆனால் கொடையின் பயனால் கொடுத்த முறை தூய்மையாகிவிடாது. ஆட்சியாளர், பெரியவர் செய்ததை ஆராயலாமா என்பார்கள். தந்தைக்கே பிள்ளை பொருளுரைத்த தலத்துக்குப் படியேறிப் போகிறவர்கள் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கப்பலை எப்படிப் பேணினார்கள் என்று பாருங்கள். 1927 முதல் 1929 வரை இரண்டு புகைபோக்கிகளை ஒன்றாக்கி, டார்பிடோவைத் தாங்க இருபுறமும் புடைப்பு அறைகள் வைத்தார்கள். 1934 முதல் 1936 வரை மேல்தளக் கவசத்தைக் கூட்டி, விமான எதிர்ப்பு பீரங்கிகளும் விமானக் கூடமும் சேர்த்தார்கள். கொதிகலன்களும் எந்திரங்களும் மட்டும் பழையவையாகவே நின்றன. இரும்புக்கு இத்தனை கவனிப்பு! இந்த இரண்டு சீரமைப்புகளுக்கும் இடையில்தான் ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்களில் கூலியைக் குறைத்து, வேலையிழந்தவர்களை ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கொடுத்தவர்களுக்கு வாங்கியவர்கள் காட்டிய நன்றி இவ்வளவுதான்.

1941 மார்ச்சில் அட்லாண்டிக்கில் டார்பிடோ தாக்கியதும் கப்பலை நியூயார்க் வரை கொண்டுபோய்ப் பழுது பார்த்தார்கள். அதே ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்தச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கச் சொன்னார்கள். அரசு அவர்கள் தலைவர் ஆர். எச். நாதனை நாடு கடத்தியது. படையையும் வரவழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.