தன் கையால் ஏற்றும் ஊசியும் பிள்ளைகளின் கடமையும்

எமது ஆலயத்துக்கு வரும் குடும்பங்களில் மூத்தோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகின்றது. அவர்களோடு கூடவே, முன்னர் நாம் அதிகம் கேள்விப்படாத சில நோய்களின் பெயர்களும் எமது வீட்டுப் பேச்சில் நுழைந்துள்ளன. அவற்றுள் ஒன்று ஒஸ்ரியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு நலிவு நோய். உலகளவில் 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இந்நோயால் எலும்பு முறிவு ஏற்படக்கூடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இது நோவு எதுவும் காட்டாமல் வளர்ந்து, பனியில் வழுக்கியோ குளியலறையில் தடுக்கியோ விழும் நாளில்தான் பெரும்பாலும் வெளிப்படும். சிலருக்கு விழாமலே முள்ளந்தண்டு எலும்பு நசிந்து கூன் விழுந்துவிடுகின்றது.

நோய் முற்றியவர்களுக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளுள் ரெரிபராரைட் ஒன்று. 2002 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இம்மருந்தை நாளுக்கு ஒரு முறை 20 மைக்ரோகிராம் அளவில், தொடையிலோ வயிற்றிலோ தோலின் கீழ் ஏற்ற வேண்டும். மருந்து எழுதுகோல் போன்ற ஒரு கருவியில் அடைக்கப்பட்டு வருகின்றது. ஒரு கருவி 28 நாட்களுக்குப் போதும். அதைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், உறைய விடலாகாது. வழமையாக இச்சிகிச்சை இரண்டு ஆண்டுகள் வரை நீளும். அப்படியானால் ஏறத்தாழ 730 ஊசிகள்.

இந்த 730 ஊசிகளையும் யார் போடுவது? வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி போல இது தோன்றலாம். ஆனால் எமது குடும்பங்களில் இது கடமை பற்றிய கேள்வியாகவே எழுகின்றது.

பிள்ளைகளின் மனதில் ஓடுவது இதுதான்: "எங்களைத் தூக்கி வளர்த்த அம்மா தன்னுடைய உடம்பில் தானே ஊசி குத்திக்கொள்ள, நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்பதா? நாலு பேர் என்ன சொல்லுவினம்?" அம்மாவும், "பிள்ளை, நீயே போட்டுவிடு, எனக்குப் பயமாய்க் கிடக்கு" என்கிறார். மகளோ மருமகளோ வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் ஊசியைப் போட்டுவிட்டு ஓடுகிறார். இதில் அன்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் சில மாதங்கள் கழித்து அந்த வீட்டைப் பார்த்தால் வேறொன்று தெரியும். அம்மாவின் நாள் மகளின் வேலை நேரத்தோடு கட்டுண்டு போயிருக்கும். வேறு நகரத்தில் இருக்கும் தங்கையின் வீட்டில் ஒரு கிழமை தங்க முடியாது. ஊருக்குப் போய்க் கோயில் திருவிழாவைப் பத்து நாளும் நின்று கும்பிட முடியாது. மகளுக்கும் ஓர் இரவு வெளியே தங்க முடியாது. நாளடைவில், சொல்லாத ஒரு சலிப்பு அங்கும், சொல்லாத ஒரு கூச்சம் இங்குமாக இருவருக்கும் இடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பயத்தை நாம் இகழக் கூடாது. எமது ஆலயத்தில் காவடி எடுப்போர் முதுகில் செடிலும் கன்னத்தில் அலகும் குத்திக்கொள்வதைப் பார்க்கிறோம். "அதைத் தாங்குகிற எமது இனத்துக்கு இந்தச் சிறு ஊசி ஒரு பொருட்டா?" என்று சிலர் கேட்பதுண்டு. அது சரியான ஒப்பீடு அன்று. அங்கே குத்துவது தேர்ந்த இன்னொருவரின் கை. பறையும் அரோகராவும் சூழ நிற்கின்றன. நேர்த்திக்கடன் மனத்தைத் தாங்குகின்றது. இங்கேயோ, காலை வேளையில் சமையலறை மேசையருகே தனித்திருந்து, தன் தோலைத் தானே துளைக்க வேண்டும். கை தயங்குவது இயல்பு. உடலைக் காக்கவே பழகிய கை அது. அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்பது அறியாமை.

ஆயினும் மனிதர் இதைக் கற்றிருக்கிறார்கள். 1922 ஆம் ஆண்டு ஜனவரியில் ரொறன்ரோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. நீரிழிவு நோயாளருக்கு அது புதுவாழ்வு. ஆனால் நாள் தவறாமல் ஏற்ற வேண்டிய மருந்துக்காக எவரும் வைத்தியசாலையிலேயே வாழ முடியாது. எனவே நோயாளரும் அவர்தம் தாய்மாரும் கண்ணாடி ஊசிக்குழாயைக் கொதிநீரில் அவித்து, வீட்டிலேயே ஏற்றப் பழகினர். அந்த இன்சுலினைத் தூய்மைப்படுத்திய கொலிப் என்னும் விஞ்ஞானியே 1925 இல் பராதைரொயிட் சுரப்பியிலிருந்து வீரியமுள்ள சாற்றையும் எடுத்துக் காட்டினார். இன்றைய ரெரிபராரைட் அச்சுரப்பியின் ஓமோனில் ஒரு பகுதியே.

அந்த ஓமோனின் இயல்பு எம்மைச் சிந்திக்க வைக்கின்றது. அது உடலில் இடைவிடாது மிகுந்திருந்தால் எலும்பைக் கரைக்கும். அதையே நாளுக்கொரு முறை, சிறு அளவில், குறுகிய நேரத்துக்குக் கொடுத்தால் எலும்பைக் கட்டும். ஒரே பொருள்தான், அளவும் நேரமும் மாற, பயனும் மாறுகின்றது. எலும்புக்கு இன்னொரு குணமும் உண்டு. சுமை தாங்காத எலும்பு மெலிகின்றது. எடையற்ற வெளியில் பல மாதங்கள் தங்கும் விண்வெளி வீரர்கள், இளைஞராயினும், எலும்பின் திண்மையை இழக்கின்றனர்.

உடலின் நியதி அப்படியே குடும்பத்தின் நியதியாகிவிடாது. எனினும் இங்கே ஓர் ஒற்றுமை உண்டு. உதவியும் அளவறிந்து வந்தால் மனிதரைக் கட்டுகின்றது. இடைவிடாது வந்தால் கரைக்கின்றது. வங்கிக் கணக்கு, பேருந்துப் பயணம், வைத்தியரோடு பேச்சு என்று ஒவ்வொன்றாக எமது பெற்றோரின் கையிலிருந்து நாம் அன்போடு வாங்கிக்கொண்டோம். மொழி தெரியாத நாட்டில் அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் எல்லாச் சுமையையும் இறக்கிவிட்ட பின், "அம்மா ஏன் எல்லாவற்றுக்கும் எங்களையே பார்க்கிறா?" என்று வியப்பது நியாயமாகுமா?

எமது சைவநெறி இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. ஆலயத்தில் சிவாசாரியார் உலக நலனுக்காகச் செய்வது பரார்த்த பூசை. அதற்குரிய தீட்சை பெற்றவர் தம் வீட்டில் தாமே செய்வது ஆன்மார்த்த பூசை. முன்னது இருக்கிறதே என்று பின்னதை விடுவதில்லை. குரு தீட்சை கொடுப்பார். முறையைச் சொல்லித் தருவார். சீடனின் பூசையைக் குரு நாள்தோறும் வந்து செய்து கொடுப்பதில்லை. அப்படிச் செய்யாததால் குருவுக்கு அன்பில்லை என்று நாம் சொல்வோமா?

ஆகவே பிள்ளைகளின் கடமை ஊசி போடுவதோடு முடிவதில்லை. கற்கும்போது பக்கத்தில் இருப்பதே முதற் கடமை என்பது எமது கருத்து. முதல் சில நாட்களில் சிலருக்குத் தலைச்சுற்று வரலாம் என்பதால், இருந்தோ படுத்தோ ஏற்றும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்த நாட்களில் அருகே ஒருவர் இருப்பது அவசியமும்கூட. தாதியர் விளக்கும்போது உடனிருந்து தமிழில் சொல்லிக் கொடுக்கலாம். செய்முறையைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டலாம். நாட்காட்டியில் அடையாளமிடப் பழக்கலாம். பாவித்த ஊசிகளைக் குப்பையில் போடாது அதற்குரிய கொள்கலனில் சேர்க்கக் காட்டலாம். முதலில் பிள்ளையின் கை. பின்னர் அம்மாவின் கைமேல் பிள்ளையின் கை. பின்னர் அம்மாவின் கை மட்டும். அவசரம் வேண்டாம்.

இதற்கு எல்லையும் உண்டு. கண் பார்வை குன்றியவர், கை நடுங்குபவர், நினைவு தளர்ந்தவர் ஆகியோரிடம் "நீங்களே செய்யுங்கோ" என்பது கொடுமை. அவர்களுக்கு நாமே செய்வதுதான் அறம். அதை ஏற்பதில் அவர்களுக்கு இழிவு ஏதுமில்லை. குழந்தைப் பருவத்தில் நாம் அனைவரும் பிறர் கையால் வாழ்ந்தவர்களே. முடியாதவரைத் தனியே விடுவதும் முடிந்தவரை முடியாதவராக்குவதும் இரண்டுமே பிழை. எது எவருக்கு என்று அறிவதற்கு வைத்தியரின் ஆலோசனையோடு, பெற்றோரிடம் பொறுமையாகக் கேட்டுப் பார்க்கும் மனமும் வேண்டும். "உங்களுக்கு எது விருப்பம் அம்மா?" என்ற கேள்வியை எத்தனை வீடுகளில் நாம் கேட்கிறோம்?

தள்ளாத வயதிலும் தன்னால் இயன்றதைத் தன் கையால் செய்து, இயலாததைக் கூச்சமின்றிக் கேட்டுப் பெறும் மனத்தை எமது மூத்தோருக்கும், அவ்விரண்டையும் வேறுபிரித்து அறியும் தெளிவை எமக்கும் எல்லாம் வல்ல இறைவன் தந்தருள்வானாக.